சான்றிதழுக்கு முன்பே தொடங்கட்டும் உதவி

சிற்றாறு தாமிரபரணியோடு கலக்கும் ஊர் சீவலப்பேரி. அங்கிருந்து காலையில் பேருந்து பிடித்தால் பாளையங்கோட்டைக் கல்லூரிகளில் முதல் மணி அடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிடலாம். இப்படிச் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பேருந்து ஏறுகிறவர்களில் பலர், தங்கள் வீட்டிலிருந்து கல்லூரிக்குப் போகும் முதல் ஆட்கள்.

அவர்களில் ஒரு மாணவனை நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழியில் படித்து, ஓரளவு மதிப்பெண் வாங்கி, பி.எஸ்சி. சேர்ந்திருக்கிறான். முதல் செமஸ்டரிலேயே மூன்று பாடங்களில் அரியர். "ஏலே, ராத்திரி பூரா முழிச்சிருந்து படிச்சதெல்லாம் எங்கலே போச்சு?" என்று கேட்கிறார் அப்பா. "எல்லாம் தெரியும்ப்பா, எழுதத்தான் வரல" என்கிறான். வீட்டில் அவனுக்குச் சோம்பேறி என்று பெயர், வகுப்பில் இங்கிலீஷ் வராத பையன் என்று பெயர். அவன் மூளை எழுத்தைக் கையாளும் விதமே வேறாக இருக்கலாம் என்று ஒருவருக்கும் தோன்றுவதில்லை.

டிஸ்லெக்சியா உள்ளவர்களுக்கு எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில்தான் சிக்கல். தமிழில் எழுத்தைப் பார்த்தால் உச்சரிப்பு பெரும்பாலும் பிடிபட்டுவிடும். ஆங்கிலத்தில் அப்படியில்லை, ஒரே எழுத்து ஒவ்வொரு சொல்லிலும் ஒவ்வொரு விதமாக ஒலிக்கும். அதனால் பள்ளியில் எப்படியோ சமாளித்து வந்த பிரச்சினை, பாடம் ஆங்கிலத்துக்கு மாறியதும் வெளியே வருகிறது. அப்போதும் பழி ஆங்கிலத்தின்மேல் விழுவதால், உண்மைக் காரணம் மறுபடியும் மறைந்துபோகிறது.

ஆசிரியர் நோட்ஸ் சொல்லச் சொல்ல எழுதுவதையே எடுத்துக்கொள்வோம். காதில் விழுவதை நினைவில் பிடித்து வைக்க வேண்டும், எழுத்துக்கூட்ட வேண்டும், கையால் எழுத வேண்டும், அதற்குள் வந்துவிட்ட அடுத்த வாக்கியத்தையும் கேட்க வேண்டும். எழுதுவதே கடினமாக இருக்கும் டிஸ்கிராபியா மாணவருக்கு இரண்டாவது வரியிலேயே சங்கிலி அறுந்துவிடும். ஆய்வகத்தில் சோதனையைச் சரியாகச் செய்துவிட்டு, ரெக்கார்டு நோட்டு முடிக்காததால் மதிப்பெண் இழப்பவர்கள் இப்படித்தான் உருவாகிறார்கள். கவனத்தை நிலைநிறுத்துவதே சிரமமாக இருக்கும் ஏ.டி.எச்.டி. உள்ளவருக்கு ஒரு மாதக் கெடு என்பது கெடுவே இல்லாததற்குச் சமம், கடைசி இரவில்தான் வேலை கண்ணுக்குத் தெரியும். ஆட்டிசம் உள்ளவருக்குக் கடகடக்கும் மின்விசிறியும் மினுக்கும் டியூப்லைட்டும் பாடத்தை அமுக்கிவிடும். முன்னறிவிப்பில்லாமல் அறை மாறினால் அன்றைய நாளே குலைந்துவிடும்.

சட்டம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது?

2016இல் நிறைவேறி, 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், அதுவரை 7 வகையாக இருந்த குறைபாடுகளின் பட்டியலை 21 ஆக்கியது. ஆட்டிசமும், டிஸ்லெக்சியா, டிஸ்கிராபியா போன்றவை அடங்கிய 'குறிப்பிட்ட கற்றல் குறைபாடும்' அதில் இடம்பெற்றன. அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்குக் குறைந்தது 5 சதவீத இடம் என்கிறது சட்டம். 2018 ஆகஸ்டில் வந்த மத்திய அரசின் வழிகாட்டுதல், எழுத்துத் தேர்வில் ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதலாகத் தரச் சொன்னது. மூன்று மணி நேரத் தேர்வென்றால் முழுதாக ஒரு மணி நேரம்.

2021 பிப்ரவரியில், எழுதும்போது கை பிடித்துக்கொள்ளும் பாதிப்பு இருந்த விகாஷ் குமார் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னும் ஒரு படி மேலே போனது. 40 சதவீதம் என்ற கோட்டைத் தொடாதவர் என்பதற்காக, தேர்வில் எழுதித் தருபவரை மறுக்கக் கூடாது என்றது. அதே ஆண்டு நவம்பரில், நீட் தேர்வில் கூடுதல் நேரம் மறுக்கப்பட்ட டிஸ்கிராபியா மாணவி ஒருவரின் வழக்கிலும், அவருக்கு நேர்ந்த அநீதியைச் சரிசெய்ய என்ன செய்யலாம் என்று பரிசீலிக்கும்படி தேசியத் தேர்வு முகமைக்கு உத்தரவிட்டது.

ஆனால் இவ்வளவும் குறைபாட்டுச் சான்றிதழ் கையில் இருப்பவருக்குத்தான் எளிதில் கிடைக்கும். கிராமத்திலிருந்து வரும் முதல் தலைமுறை மாணவருக்கு அப்படியொரு பரிசோதனை இருப்பதே தெரியாது. 21 வகைப் பட்டியலில் ஏ.டி.எச்.டி.யின் பெயரே இல்லை. தமிழ்நாட்டுப் பள்ளிப் பொதுத்தேர்வுகளில் டிஸ்லெக்சியா மாணவர்களுக்குக் கூடுதல் நேரமும் எழுதித் தருபவரின் உதவியும் கிடைக்கின்றன, ஆனால் பள்ளியில் கண்டறியப்படாமலே தேறி வந்தவரைக் கல்லூரியில் யார் கண்டுபிடிப்பது?

பாளையங்கோட்டைக்கு இது புதிதல்ல

இந்த ஊருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் தகுதி உண்டு. பார்வையற்றவர்களுக்குப் படிப்பு எதற்கு என்று நாடே நினைத்திருந்த காலத்தில், 1890இல் ஆஸ்க்வித் அம்மையார் இங்கே அவர்களுக்காகப் பள்ளி தொடங்கினார். 1897இல் ஃபிளாரன்ஸ் ஸ்வைன்சன் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியைத் தொடங்கினார். தென்காசி அருகே ஆய்க்குடியில் மாற்றுத்திறனாளிகளுக்காக 1981 முதல் இயங்கும் அமர் சேவா சங்கமும் இந்த மண்ணின் பெருமைதான். கண்ணுக்குத் தெரியும் குறைபாட்டுக்கு நூற்றாண்டுக்கு முன்பே கதவு திறந்த ஊர், கண்ணுக்குத் தெரியாததற்கும் திறக்க வேண்டும்.

அதற்குப் பெரும் செலவு வேண்டாம். அன்றைய பாடத்தின் தலைப்புகளை வகுப்பு தொடங்கும்போதே கரும்பலகையின் ஓரத்தில் எழுதிவிடலாம். நோட்ஸை முதல் நாளே வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, வகுப்பு நேரத்தை விளக்கத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பெரிய அசைன்மென்ட்டை நான்கு துண்டாக்கி, ஒவ்வொன்றுக்கும் தேதி குறிக்கலாம். எழுந்து நின்று வாசிக்கச் சொல்லி யாரையும் கூசவைக்காமல் இருக்கலாம். அகமதிப்பீட்டில் ஒரு பகுதியை வாய்மொழியாகக் கேட்கலாம். இவற்றுக்கு எந்தச் சான்றிதழும் தேவையில்லை. யாருக்கு என்ன குறை என்று தெரிய வேண்டியதும் இல்லை. தமிழ்வழியில் வந்தவர், வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர் என்று வகுப்பில் பாதிப்பேருக்கு இதனால் நன்மை.

செமஸ்டர் தேர்வு நேரத்தை மட்டும் ஆசிரியர் தன் விருப்பப்படி நீட்ட முடியாது. அது மனோன்மணியம் சுந்தரனார் போன்ற பல்கலைக்கழகங்களின் கையிலும் தன்னாட்சிக் கல்லூரிகளின் தேர்வுத் துறைகளின் கையிலும் இருக்கிறது. கூடுதல் நேரம் கேட்கும் விண்ணப்பம் எங்கே கிடைக்கும், யாரிடம் கொடுக்க வேண்டும் என்பதை ஹால் டிக்கெட்டோடு சேர்த்தே அவர்கள் அச்சிட்டுக் கொடுக்கலாம்.

கரும்பலகைப் பக்கம் நிற்பவர்கள்

மாணவர்களைப் பற்றியாவது பேசுகிறோம், இதே மூளை அமைப்புள்ள ஆசிரியர்களைப் பற்றிப் பேசுவதே இல்லை. அமெரிக்காவில் ஆட்டிசம் உள்ள டெம்பிள் கிராண்டின் கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர். நான்கு வயது வரை பேசாமலிருந்த ஸ்டீபன் ஷோர், நியூயார்க்கின் அடெல்ஃபி பல்கலைக்கழகத்தில் கல்வியியல் பேராசிரியர். இருவரும் தங்களுக்கு ஆட்டிசம் இருப்பதை வெளிப்படையாகச் சொல்லியே பணியாற்றுகிறார்கள்.

நம் கல்லூரிகளில் அப்படிச் சொல்லும் துணிவு ஒரு கௌரவ விரிவுரையாளருக்கு எங்கிருந்து வரும்? அடுத்த ஆண்டு வேலை நீடிக்குமா என்பதே அவருக்கு உறுதியில்லை. பாடத்தில் ஆழ்ந்த அறிவுள்ள ஒருவர், மணியடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது "அந்த வகுப்பைப் பார்த்துக்கோங்க சார்" என்றால் தடுமாறலாம். துறைக்கூட்டத்தில் வாய்வழியாகச் சொன்ன நான்கு வேலைகளில் இரண்டை மறக்கலாம். கால அட்டவணையை முன்கூட்டியே கொடுப்பது, வேலைகளை எழுத்தில் தருவது, ஆசிரியர் அறையில் சத்தமில்லாத ஒரு மூலை ஒதுக்குவது: இவ்வளவு போதும், அவர் முழு ஆற்றலோடு கற்பிப்பார். அரசுப் பணிகளில் 4 சதவீத ஒதுக்கீட்டின் ஒரு பங்கில் ஆட்டிசமும் கற்றல் குறைபாடும் சேர்ந்திருக்கின்றன. பணியில் சேர்த்துக்கொண்டால் மட்டும் போதாது, அவர்கள் நிலைத்து நிற்கவும் வழி செய்ய வேண்டும். தன் சிரமத்தைச் சொல்லத் தயங்காத ஆசிரியர் இருக்கும் வகுப்பில்தான் மாணவரும் வாய் திறப்பார்.

எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் வகுப்பில் ஆசிரியரை மருத்துவராக மாறச் சொல்லவில்லை. குறைபாட்டைக் கண்டறிவது அவர் வேலையும் அல்ல. அரியர் பட்டியலைப் பார்க்கும்போது, "இந்தப் பையன் வாயால் சொல்வதற்கும் தாளில் எழுதுவதற்கும் ஏன் இவ்வளவு தூரம்?" என்று ஒரு முறை கேட்டுக்கொண்டால் போதும். அந்தக் கேள்வியை எடுத்துக்கொண்டு போக ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அறையும், பெயர் எழுதிய ஒரு பொறுப்பாளரும் வேண்டும். அடுத்து வரும் முதலாண்டு மாணவர்களுக்கான அறிமுக நாளில், நூலகத்தையும் கேன்டீனையும் காட்டும்போது அந்த அறையையும் காட்டுங்கள். பெற்றோர் பக்கத்தில் இருக்கும்போதே காட்டுங்கள்.