ஆட்டுக்குப் போடும் கீரையும் பிள்ளையின் கண்ணும்



பச்சைத் தீவனம் இல்லாமல் மாதக்கணக்கில் வெறும் வைக்கோலையே தின்ற மாடு, பொழுது சாய்ந்தால் வழி தெரியாமல் முட்டிக்கொள்வதைச் சிலர் பார்த்திருப்பீர்கள். அதே குறை நம் வீட்டுப் பிள்ளைக்கும் வரும். இரண்டுக்கும் காரணம் வைட்டமின் 'ஏ' பற்றாக்குறைதான்.

ஒரு சமயம் உர விஷயமாக ஒரு வீட்டுத் திண்ணையில் பேசிக்கொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம். நாலு வயதுப் பையன் சோற்றுத் தட்டைக் கையால் தடவித் தேடினான். "இருட்டுன்னா அவனுக்குப் பயம் சார், இருந்த இடத்தை விட்டு எழுந்திரிக்க மாட்டான்" என்றார் தகப்பனார். பயமில்லை அது, கண் தெரியவில்லை. கொல்லையில் முருங்கை தழைத்து நிற்கிறது. தழையை ஒடித்து ஆட்டுக்குப் போட்டிருக்கிறார்கள்! மறுநாளே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போகச் சொன்னேன். மருந்து கொடுத்த ஓரிரு நாளில் தெளிந்துவிட்டது.

எல்லோருக்கும் அப்படி அமையாது. இருட்டில் பார்க்க உதவும் நிறப்பொருளை விழித்திரை இந்த வைட்டமினைக் கொண்டுதான் உண்டாக்குகிறது. அது குறைந்தால் முதலில் மாலைக்கண். பிறகு வெள்ளை விழி பளபளப்பு இழந்து வறண்டு, சோப்பு நுரை மாதிரி திட்டுப் படியும். அதையும் விட்டுவிட்டால் கருவிழி புண்ணாகி இளகிவிடும். சில நாட்களுக்குள் நடந்துவிடுகிற காரியம் இது. போன பார்வை திரும்பாது. தட்டம்மை, வயிற்றுப்போக்கு கண்ட குழந்தைக்கு ஆபத்து அதிகம். அம்மை கண்டிருக்கிறது என்று வெறும் கஞ்சியோடு நிறுத்துகிறோமே, அது பெரிய தப்பு.

அகத்தி, முருங்கை, பொன்னாங்கண்ணி, அரைக்கீரை எதுவானாலும் தினம் ஒரு பிடி போதும். இது எண்ணெயில் கரையும் சத்து. ஆகவே ஒரு கரண்டி எண்ணெய் விட்டுக் கிளறி, சோற்றில் மசித்து ஊட்டச் சொல்லுங்கள். இலையைக் காயவைத்தால் நிழலில் காயவையுங்கள், வெயிலில் சத்துப் போய்விடும். பப்பாளி, மாம்பழம், பரங்கிக்காய், முட்டையின் மஞ்சள் கரு, ஈரல் எல்லாமே நல்லது. தாயின் சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டாதீர்கள். கன்றுக்குச் சீம்பால் கொடுங்கள் என்று நாங்கள் சொன்னால் மட்டும் கேட்கிறீர்கள்!

மருந்தும் இலவசமாகக் கிடைக்கிறது. 1970-இல் தொடங்கிய திட்டம் இது. 9-ஆம் மாதம் தட்டம்மைத் தடுப்பூசியோடு 1 லட்சம் யூனிட், 16 முதல் 18 மாதத்துக்குள் 2 லட்சம், அதன்பின் 5 வயது வரை 6 மாதத்துக்கு ஒருமுறை 2 லட்சம். மொத்தம் 9 தடவை. ஈரல் இதைச் சேர்த்துவைத்துச் செலவு செய்வதால்தான் இந்த இடைவெளி. நல்லதுதானே என்று நீங்களாக வாங்கிக் கூடுதலாகக் கொடுத்துவிடாதீர்கள், அதிகமானால் கெடுதல். கடைசியாக எப்போது கொடுத்தது என்பதைக் குழந்தையின் அட்டையில் இன்றைக்கே பாருங்கள்.