வயிறு சின்னதாகிவிட்டது... வீட்டுச் சாப்பாடு மாறியதா? - எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகான வாழ்க்கை

“வயித்தையே வெட்டி எடுத்துட்டாங்களாமே!” என்று ஆச்சர்யப்படுவார் ஒருவர். “வாயைக் கட்டியிருந்தா இந்தச் செலவே வந்திருக்காதே” என்பார் இன்னொருவர். “எவ்ளோ இளைச்சுட்ட! எங்க பண்ணின?” என்று காதோடு காதாக விசாரிப்பார் மூன்றாமவர். எடைக்குறைப்பு அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட ஒருவர், கல்யாண வீட்டில் இந்த மூன்று பேரையும் தாண்டித்தான் பந்திக்குப் போக வேண்டியிருக்கிறது.

பந்தியில் அடுத்த சோதனை. இலை நிறைய பதார்த்தங்கள். அவர் வயிறு கொள்வதோ ஒரு சின்னக் கிண்ணம். “ஒண்ணுமே சாப்பிடலையே” என்று பரிமாறுபவரின் முகம் வாடும்.

ஆபரேஷன் சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருவது வாழ்நாள் முழுக்க நீளும் புதுப் பழக்கம். அதை அந்த ஒருவர் மட்டும் தனியாகச் சுமக்க முடியாது. அடுப்படியிலிருந்து சாப்பாட்டு மேஜை வரை வீடே சேர்ந்து பழக வேண்டும்.

என்ன செய்கிறார்கள்?

‘பேரியாட்ரிக் சர்ஜரி’ எனப்படும் இந்தச் சிகிச்சையில் இரண்டு முறைகள் அதிகம் செய்யப்படுகின்றன. முதலாவது, ‘ஸ்லீவ்’. இரைப்பையில் ஏறக்குறைய 75 முதல் 80 சதவிகிதம் வரை வெட்டி அகற்றப்படும். மிச்சமிருப்பது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால், இது நிரந்தர முடிவு. பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ ஹார்மோன் பெரும்பாலும் சுரப்பது, அகற்றப்படும் அந்தப் பகுதியில்தான். அதனால்தான் ஆரம்ப மாதங்களில் பசியே தெரிவதில்லை.

இரண்டாவது, ‘பைபாஸ்’. இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சிறு பை மட்டும் பிரிக்கப்பட்டு, அது நேராகச் சிறுகுடலோடு இணைக்கப்படும். உணவு, மீதி இரைப்பையையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல் போகும். சாப்பிடும் அளவும் குறையும், சத்து உறிஞ்சப்படுவதும் குறையும். இரண்டுமே பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், சிறு துளைகள் வழியாகவே செய்யப்படுகின்றன.

யாருக்குத் தேவை?

2019-21ல் நடந்த தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 40.4 சதவிகிதத்தினரும் ஆண்களில் 37 சதவிகிதத்தினரும் கூடுதல் எடையோடு இருக்கிறார்கள். இவர்கள் எல்லோருக்கும் கத்தி தேவையில்லை. உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ 35ஐத் தாண்டியவர்களுக்கு இதைப் பரிந்துரைக்கலாம் என்கின்றன 2022ல் வெளியான சர்வதேச வழிகாட்டு நெறிகள். 160 செ.மீ உயரமுள்ள ஒருவருக்கு இது சுமார் 90 கிலோ. குறைந்த எடையிலேயே சர்க்கரை நோய் எட்டிப்பார்க்கும் ஆசியர்களுக்கு, இந்த வரம்பு 27.5 வரை தளர்த்தப்பட்டிருக்கிறது.

காப்பீட்டுக் கணக்கு வேறு. ஐ.ஆர்.டி.ஏ.ஐ விதிப்படி, 18 வயது நிறைந்திருக்க வேண்டும். பி.எம்.ஐ 40 இருக்க வேண்டும். அல்லது கட்டுக்குள் வராத சர்க்கரை நோய், இதய நோய், தூக்கத்தில் மூச்சுத்திணறல் போன்ற தீவிரப் பிரச்னையோடு 35 இருக்க வேண்டும். மருத்துவரின் பரிந்துரையும் அவசியம். பாலிசியைப் படித்துவிட்டு முன்பணம் கட்டுவது நல்லது.

பலன் உண்டா? ஸ்வீடனில் 1987ல் தொடங்கிய நீண்டகால ஆய்வு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களையும் செய்துகொள்ளாதவர்களையும் ஒப்பிட்டது. செய்துகொண்டவர்களிடம் இறப்பு விகிதம் 29 சதவிகிதம் குறைவு என்று 2007ல் அதன் முடிவுகள் வெளியாகின. சர்க்கரை, ரத்த அழுத்தம், மூச்சுத்திணறல், மூட்டுவலி குறைவதுதான் இந்தச் சிகிச்சையின் உண்மையான லாபம். ஒல்லியாகத் தெரிவது கூடவே வரும் உபரி.

அதேசமயம் தையல் போட்ட இடத்தில் கசிவு, ரத்தப்போக்கு, காலில் ரத்தம் உறைதல் போன்ற ஆபத்துகள் குறைவான சதவிகிதமே என்றாலும் உண்டு. ஐ.சி.யூ வசதி, அனுபவமுள்ள மயக்கவியல் மருத்துவர், தொடர்ந்து ஆலோசனை சொல்ல ஒரு டயட்டீஷியன்... இவை இருக்கின்றனவா என்று கேட்ட பிறகே இடத்தை முடிவு செய்ய வேண்டும். ‘தள்ளுபடி பேக்கேஜ்’ விளம்பரம் ஒரு காரணமாகவே இருக்கக் கூடாது. வீடு திரும்பிய பின் காய்ச்சல், படபடப்பு, கடும் வயிற்றுவலி, மூச்சிரைப்பு, கால் வீக்கம் வந்தால், விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கிளம்பிவிட வேண்டும்.

முதல் இரண்டு மாதங்கள்

முதல் ஓரிரு நாள் தண்ணீர், வடிகட்டிய சூப். அடுத்த இரண்டு வாரம் மோர், பால், புரதப் பவுடர் என்று திரவம் மட்டும். பிறகு குழைய வேகவைத்த பருப்பு, மசித்த முட்டை, தயிர். அதன்பின் மென்மையான மீன், பனீர், இட்லி. ஏறக்குறைய இரண்டு மாதத்தில் வழக்கமான உணவு. மருத்துவமனைக்கு மருத்துவமனை நாள் கணக்கு கொஞ்சம் மாறலாம். கொடுத்த பட்டியலைத் தாண்டி ‘ஒரே ஒரு துண்டு’ ருசி பார்ப்பது, ஆறாத தையலோடு விளையாடுவது.

நம் ஊர்க்காரர்களுக்குக் கஷ்டமான விதி ஒன்று உண்டு. தட்டுக்குப் பக்கத்தில் தண்ணீர் டம்ளர் கூடாது! சாப்பிட்டு அரை மணி நேரம் கழித்தே குடிக்க வேண்டும். சேர்த்துக் குடித்தால் சின்ன வயிறு உடனே நிறைந்து வலிக்கும். சமயத்தில் வாந்தியும் வரும். மற்ற நேரங்களில் நாள் முழுக்க மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வேகமும் குறைய வேண்டும். ஒரு வேளை சாப்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடங்கள். கூழாகும்வரை மெல்ல வேண்டும். விக்கல், மூக்கில் நீர், நெஞ்சில் அழுத்தம்... இதில் எது வந்தாலும் ‘போதும்’ என்று வயிறு சொல்வதாக அர்த்தம். ‘வீணாகிவிடுமே’ என்று கடைசிக் கவளத்தைத் திணிக்கக் கூடாது.

தட்டில் எது முதலில்?

தினமும் குறைந்தது 60 கிராம் புரதம் தேவை. இல்லாவிட்டால் கொழுப்போடு தசையும் கரைந்துவிடும். இரண்டு இட்லியில் கிடைப்பது ஏறக்குறைய 4 கிராம் புரதம். ஆனால், வயிறு அதிலேயே நிறைந்துவிடும். இரண்டு முட்டையில் 12 கிராம். 100 கிராம் பனீரில் சுமார் 18 கிராம். இந்தக் கணக்கு புரிந்தால், தட்டு தானாகவே மாறும்.

சோற்றைக் குவித்து ஓரத்தில் பொரியல் வைப்பது நம் வழக்கம். இனி முட்டை, மீன், சிக்கன், பனீர், கெட்டிப் பருப்பு, சுண்டல் முதலில். அடுத்து காய்கறி. இடமிருந்தால் இரண்டு ஸ்பூன் சோறு. இதற்காகத் தனிச் சமையல் தேவையில்லை; வீட்டில் எல்லோருமே இந்த வரிசையில் சாப்பிடலாம்.

இனிப்பில் கவனம் தேவை. குறிப்பாக, பைபாஸ் செய்தவர்கள் பாயசமோ ஜூஸோ குடித்தால், அது குடலுக்குள் சட்டென இறங்கி வியர்வை, படபடப்பு, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு என்று ஆட்டிவைத்துவிடும். இதை ‘டம்பிங்’ என்கிறார்கள்.

மாத்திரை நிற்கவே கூடாது

எடை குறைந்து, தெம்பாக உணரும்போது பலர் செய்யும் தவறு, சத்து மாத்திரைகளை நிறுத்துவது. மல்டி வைட்டமின், பி12, இரும்புச்சத்து, கால்சியம், வைட்டமின் டி ஆகியவை மருத்துவர் சொல்லும் அளவில் வாழ்நாள் முழுக்கத் தேவை. குறைபாடு வந்தால் ரத்தசோகை, எலும்புத் தேய்மானம், கை கால் மரத்துப்போதல் எனப் பின்னாளில் தெரியும். வாந்தி பல நாள்களுக்கு நிற்காமல் தொடர்ந்தால், தயாமின் எனும் பி1 குறைந்து மூளையும் நரம்பும் பாதிக்கப்படலாம். அதை ‘செட் ஆகலை’ என்று தள்ளிவிடக் கூடாது.

சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபரேஷன் முடிந்ததுமே மருந்தின் அளவு குறையக்கூடும். பழைய டோஸைத் தொடர்ந்தால் தாழ்சர்க்கரை வரலாம். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் வலி மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்குப் புண்ணை உண்டாக்கும். மதுவின் போதை முன்பைவிட வேகமாக, அதிகமாக ஏறும். புதிதாக அடிமையாகும் அபாயமும் இருக்கிறது. எடை குறைந்தால் கருத்தரிக்கும் வாய்ப்பு கூடும். ஆனால், 12 முதல் 18 மாதங்கள் வரை கர்ப்பத்தைத் தள்ளிப்போடுவதே தாய்க்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு.

மூன்றாவது, நான்காவது மாதத்தில் முடி கொட்டும்போது பலர் கலங்கிப்போவார்கள். பெரும்பாலும் அது தற்காலிகம்; புரதமும் இரும்பும் சரியாக இருந்தால் திரும்ப வளரும்.

மனசு இளைக்க நேரமாகும்

கோபமோ, தனிமையோ, களைப்போ... அதுவரை ஆறுதலாக இருந்தது சாப்பாடுதான் என்பது, அது இல்லாதபோதுதான் பலருக்குப் புரிகிறது. தோல் தொய்ந்து தொங்கும். கண்ணாடியில் தெரிபவர் அந்நியராகத் தோன்றுவார். ஊரே பாராட்டும்போது உள்ளுக்குள் அழுகை வருவதும் உண்டு. இது நன்றிகெட்டதனம் இல்லை. மனநல ஆலோசகரிடம் பேச வேண்டிய நேரம், அவ்வளவுதான்.

எடை ஓரளவு திரும்பக்கூடும் என்பதையும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஸ்வீடன் ஆய்வில் பைபாஸ் செய்துகொண்டவர்கள், முதல் இரண்டு ஆண்டுகளுக்குள் சராசரியாக 32 சதவிகித எடையைக் குறைத்தார்கள். 10 ஆண்டுகளுக்குப் பிறகு அது 25 சதவிகிதமாக இருந்தது. 100 கிலோ இருந்தவர் 68க்கு வந்து, பிறகு 75ல் நின்றதுபோல. அதுவும் பெரிய வெற்றிதான். ஆனால் ஐஸ்க்ரீம், மிக்ஸர், இனிப்பு டீ எல்லாம் சின்ன வயிற்றிலும் சுலபமாக வழுக்கிக்கொண்டு இறங்கும். எடை ஏறினால் வெட்கப்பட்டு மருத்துவரைத் தவிர்க்கிறார்கள் பலர். அவரைப் பார்க்க வேண்டிய நேரமே அதுதான்.

வீட்டில் இருப்பவர்களுக்கு...

‘எனக்காக ஒரு வாய்’ என்று கெஞ்சாதீர்கள். நம் ஊரில் அன்பு என்பதே இன்னொரு கரண்டிதான். இவருக்கு மட்டும் அதை வேறு வழியில் காட்டுங்கள். சாயங்காலம் கூடவே நடங்கள். அவர் அரை மணி நேரம் மெல்லும்போது எதிரே உட்கார்ந்து பேசுங்கள். ‘குறுக்குவழி’ என்று யாராவது சொன்னால், நீங்கள் பதில் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் அவரே விளக்கிக்கொண்டிருக்க வேண்டாம். விருந்தில் அவர் ‘போதும்’ என்றால், போதும்.

முதல் ஆண்டில் 3, 6, 12வது மாதங்களிலும், அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறையும் ரத்தப் பரிசோதனை அவசியம். வீட்டு காலண்டரில் பிறந்தநாள், கல்யாண நாள்களோடு அந்தத் தேதியையும் வட்டமிட்டுவையுங்கள். அன்று லேபுக்கு அவரைத் தனியாக அனுப்பாமல், யாராவது ஒருவர் கூடப் போய்வாருங்கள்.