மழை ஏன் எங்கள் தெருவில் மட்டும் நிற்கிறது?

மூன்று ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நவம்பர் மாதம். மழை விடுமுறை முடிந்து பள்ளி திறந்த நாள். ஏழாம் வகுப்பில் வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டிருந்தேன். கடைசி வரிசையில் ஒரு மாணவி தன் குறிப்பேடுகளைத் தரையில் விரித்து, மின்விசிறிக் காற்றில் உலர்த்திக்கொண்டிருந்தாள். மை கரைந்து எழுத்துகள் நீலத் திட்டுகளாகியிருந்தன. அருகில் போய் நின்றேன். அவள் நிமிர்ந்து பார்த்துக் கேட்டாள்:

"மிஸ், எல்லாருக்கும் ஒரே மழைதானே பெஞ்சுது? எங்க தெருவுல மட்டும் ஏன் தண்ணி நிக்குது?"

நான் சமூக அறிவியல் ஆசிரியர். வடகிழக்குப் பருவமழை, தாழ்வழுத்த மண்டலம் என்று தெரிந்ததைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது மழை ஏன் வருதுன்னு மிஸ். தண்ணி ஏன் போக மாட்டேங்குது?" என்றாள். வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது நியாயமான கேள்வி. பதில் பாடநூலில் மட்டும் இல்லை, எங்கள் பள்ளியைச் சுற்றியுள்ள தெருக்களிலும் இருக்கிறது என்று அன்று தோன்றியது.

எங்கள் பள்ளி சென்னை தியாகராய நகரை ஒட்டி இருக்கிறது. அந்தக் கேள்விக்கு விடை தேடி நானும் மாணவர்களும் கற்றுக்கொண்டதைச் சக ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இந்தக் கட்டுரை.

முதலில் நிலம்

சென்னை கடலோரச் சமவெளி. நிலம் மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. கண்ணால் பார்த்தால் சரிவே தெரியாது, தண்ணீருக்கு மட்டும்தான் தெரியும். ஆண்டுக்குச் சுமார் 140 செ.மீ. மழை பெய்கிறது. அதில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. சரிவு குறைவு, மழையோ ஒரே மூச்சில் வருகிறது. இந்த இரண்டும் இயற்கை நமக்கு வைத்த கணக்கு.

இந்தக் கணக்குக்கு நம் முன்னோர் கண்ட விடைதான் ஏரி. சரிவின் கீழ்ப்பக்கத்தில் பிறைபோல ஒரு கரை எழுப்பினார்கள். மேட்டிலிருந்து வரும் நீரை வரத்துக் கால்வாய் கொண்டு வந்தது. மதகு வயலுக்கு விட்டது. நிரம்பி வழிவதைக் கலங்கல் அடுத்த ஏரிக்கு அனுப்பியது. மழைக்காலத்தில் வெள்ளத்தைத் தாங்கும், கோடையில் பயிருக்கும் கிணற்றுக்கும் நீர் தரும். ஏரியும் மனிதர் போட்ட திட்டம்தான் என்பதை மாணவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டும். நிலத்தின் சரிவைப் படித்துவிட்டுப் போட்ட திட்டம் அது.

ஏரி நகரான கதை

இன்றைய தியாகராய நகர் இருக்கும் இடத்தில் நூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நீண்ட ஏரி இருந்தது. ஆங்கிலேயர் அதை 'லாங் டேங்க்' என்றார்கள். வடக்கே நுங்கம்பாக்கம் ஏரியும் தெற்கே மாம்பலம் ஏரியுமாக அது மவுண்ட் ரோட்டுக்கு மேற்கே நீண்டு கிடந்தது.

1921 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சென்னை நகரின் மக்கள்தொகை ஐந்து லட்சத்தைத் தாண்டிவிட்டது. வீடுகள் போதவில்லை. 1920இல் சென்னை மாகாணத்துக்கென நகரமைப்புச் சட்டம் வந்திருந்தது. நீதிக்கட்சி ஆட்சியில் இருந்த அந்த 1920களில் மாம்பலம் ஏரி வற்றவைக்கப்பட்டுக் குடியிருப்பாக்கப்பட்டது. நடுவில் ஒரு பூங்கா, அதை நோக்கி வந்து சேரும் அகலமான சாலைகள், சாலையோரம் மரங்கள், தோட்டத்தோடு கூடிய தனித்தனி வீடுகள் என்று வரைபடம் போட்டு உருவாக்கிய பகுதி அது. 1925இல் மறைந்த நீதிக்கட்சித் தலைவர் சர் பிட்டி தியாகராயரின் பெயர் அதற்கு வைக்கப்பட்டது. அன்றைய முதலமைச்சர் பனகல் அரசர் பெயரில் பூங்கா அமைந்தது. உஸ்மான் சாலை, ஜி.என். செட்டி சாலை, நடேசன் பூங்கா என எல்லாம் அக்காலப் பொதுவாழ்வில் இருந்தவர்களின் பெயர்கள்.

ஏரி போனாலும் ஏரிக்கு வந்த நீர் நிற்கவில்லை. அந்த நீருக்கு இன்று இருக்கும் முக்கிய வழி மாம்பலம் கால்வாய். வள்ளுவர் கோட்டம் பக்கமிருந்து தியாகராய நகர் வழியாக நந்தனத்துக்கு வந்து அடையாற்றில் கலக்கிறது. கேள்வி கேட்ட மாணவியின் வீடு அந்தக் கால்வாயை ஒட்டிய ஒரு சந்தில் இருக்கிறது.

பெயர்ப் பலகைகளை வாசித்தோம்

மழை ஓய்ந்த ஒரு சனிக்கிழமை, பெற்றோரின் ஒப்புதல் கடிதங்களோடும் இரண்டு சக ஆசிரியர்களோடும் மாணவர்களை நடைப்பயணம் அழைத்துச் சென்றேன். கையில் ஒரு குறிப்பேடு மட்டும். வேலை ஒன்றே: நீரைக் குறிக்கும் பெயர் எங்கே கண்ணில் பட்டாலும் எழுதிக்கொள்ள வேண்டும்.

ரயில் பாதைக்கு மேற்கே, மேற்கு மாம்பலத்தில் 'லேக் வியூ ரோடு' என்ற பலகையைப் பார்த்ததும் ஒரு மாணவன், "ஏரி எங்க மிஸ்?" என்று சுற்றுமுற்றும் பார்த்தான். ஏரி தெரிந்த காலத்தில் வைத்த பெயர் என்று சொன்னதும் அவன் முகம் மாறியதைப் பார்க்க வேண்டுமே! நுங்கம்பாக்கத்தில் 'லேக் ஏரியா' இருக்கிறது, 'டேங்க் பண்ட் ரோடு' இருக்கிறது; பின்னது ஏரிக்கரைச் சாலை. 1976இல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டமும் பழைய ஏரிப் பகுதியில்தான் நிற்கிறது. தண்ணீர் போன பிறகும் பெயர்கள் அங்கேயே இருந்தன.

ரயில் பாதையைக் கடக்கும் சுரங்கப்பாதைகளில் மழைக்காலத்தில் நீர் தேங்குவது எங்கள் மாணவர்கள் அனைவருக்கும் தெரியும். ஏன் என்று அன்று யோசித்தார்கள். மேற்கிலிருந்து கிழக்காகச் சரியும் நிலத்தில், தெற்கு வடக்காக ஒரு மேட்டுப் பாதை போட்டால் அது கரை மாதிரி ஆகிவிடும். கரையில் ஓட்டை போட்டால் தண்ணீர் அங்கேதான் வரும். இந்த விடையை நான் சொல்லவில்லை. ஒரு மாணவன் மண்ணில் கோடு போட்டுக் காட்டிச் சொன்னான்.

ஒரு கசப்பான நிமிடம்

வகுப்புக்குத் திரும்பியதும் நான் எதிர்பாராத ஒன்று நடந்தது. ஒரு மாணவன் அந்த மாணவியைப் பார்த்து, "அப்ப நீங்கதான் ஏரியில வீடு கட்டிட்டீங்க. தண்ணி வராம என்ன செய்யும்?" என்றான். அவள் தலை குனிந்துகொண்டாள்.

இந்தப் பாடத்தை நடத்தும் எவரும் இந்த இடத்தில் கவனமாக இருக்க வேண்டும். 'இது ஏரி' என்ற செய்தி மிக எளிதாக 'நீ ஆக்கிரமிப்பாளர்' என்ற குற்றச்சாட்டாக மாறிவிடும். நான் வரைபடத்தைக் கரும்பலகையில் வரைந்தேன். பெரிய துணிக்கடைகள் எங்கே? நகைக்கடைகள் எங்கே? நாம் விளையாடிய பூங்கா எங்கே? எல்லாம் பழைய ஏரிக்குள்தான் இருந்தன. ஏரியை நகராக்கியது அரசு முறைப்படி எடுத்த முடிவு. அதன் பயனை நகரம் முழுவதும் அனுபவிக்கிறது. பிழைப்புத் தேடி வந்தவர்களுக்கு வாடகை குறைவாகக் கிடைத்த இடம் கால்வாயோரம். நன்மை எல்லோருக்கும் போய், தண்ணீர் மட்டும் சிலருக்கு வருகிறது என்றால், கேட்க வேண்டிய கேள்வி அந்தச் சிலரை நோக்கியது அல்ல.

வகுப்பு அமைதியாக இருந்தது. அந்த மாணவன் மறுநாள் அவளுக்குத் தன் அறிவியல் குறிப்பேட்டைக் கொடுத்து எழுதிக்கொள்ளச் சொன்னான். நான் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை.

டியூப் மட்டம் சொன்ன விடை

ஏரியும் கால்வாயும் பாதி விடைதான். அதே கால்வாயோரத்தில் வேறு சில தெருக்களில் தண்ணீர் சீக்கிரம் வடிந்துவிடுகிறதே, ஏன்? அளந்து பார்க்க முடிவு செய்தோம்.

ஒரு மாணவனின் அப்பா கொத்தனார். அவரிடமிருந்து டியூப் மட்டம் வாங்கி வந்தான். கண்ணாடி போன்ற நீண்ட குழாயில் காற்றுக்குமிழி இல்லாமல் தண்ணீர் நிரப்பி, இரு முனைகளையும் இரு இடங்களில் பிடித்தால், இரண்டிலும் நீர் ஒரே மட்டத்தில் நிற்கும். அங்கிருந்து தரை எவ்வளவு கீழே என்று அளந்தால் மேடு பள்ளம் தெரிந்துவிடும். நீர் தன் மட்டத்தைத் தானே தேடிக்கொள்ளும் என்ற அறிவியல் பாடம் தெருவில் நடந்தது. கணித ஆசிரியரும் சேர்ந்துகொண்டார். பிரதான சாலையைப் பூச்சியமாக வைத்து, மேட்டை மிகை எண்ணாகவும் பள்ளத்தைக் குறை எண்ணாகவும் எழுத வைத்தார். முழுக்கள் பாடத்தில் 'குறை எண் எதற்கு' என்று அதற்குப் பிறகு யாரும் கேட்கவில்லை.

தெரு முனையிலிருந்து அளந்துகொண்டே மாணவியின் வீட்டுக்கு வந்தோம். வீட்டின் தரை, வாசல் முன்னால் இருந்த சாலையைவிட ஒன்றரை அடி கீழே இருந்தது. வீட்டுக்குள் போக இரண்டு படி இறங்க வேண்டும். இதைப் பார்த்துக்கொண்டிருந்த அவளுடைய பாட்டி சொன்னார்:

"நாங்க இந்த வீட்டுக்கு வந்தப்ப மூணு படி ஏறித்தான் டீச்சர் உள்ள போவோம். இப்ப ரெண்டு படி இறங்குறோம். வீடு எங்கயும் போகல. ரோடுதான் மேல ஏறிடுச்சு."

நாங்கள் தேடிய மீதி விடை அதுதான். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே புதிய சாலை போடும்போது, ஒவ்வொரு முறையும் தெரு சில அங்குலம் உயர்கிறது. பல முறை போட்ட பிறகு வீடு பள்ளமாகிவிடுகிறது. அங்கே பள்ளத்தை உண்டாக்கியது நிலத்தின் சரிவு அல்ல, 1920களின் வரைபடமும் அல்ல. யோசிக்காமல் திரும்பத் திரும்பச் செய்த ஒரு வழக்கம்தான்.

ஆக, ஒரு தெருவை மூன்று கைகள் உருவாக்குகின்றன என்று கரும்பலகையில் எழுதினோம்: இயற்கையின் சரிவு, மனிதர் போட்ட திட்டம், திட்டமில்லாமல் நடந்துகொண்டே இருக்கும் அன்றாடச் செயல்கள். முதலாவதை நாம் மாற்ற முடியாது, அறிந்துகொள்ளலாம். மற்ற இரண்டும் மனிதர் செய்தவை. ஆகவே மாற்றக்கூடியவை.

திட்டங்கள் நல்லதும் செய்திருக்கின்றன என்பதையும் மாணவர்கள் பட்டியலிட்டார்கள். பனகல் பூங்காவின் மண் இன்றும் மழையை உறிஞ்சுகிறது. அகலமான சாலைகளில் மரங்கள் நிழல் தருகின்றன. 2016 டிசம்பரில் வந்த வர்தா புயலில் நகரம் இழந்த ஆயிரக்கணக்கான மரங்களைப் பற்றிப் பெற்றோர் சொல்லக் கேட்டு எழுதினார்கள். 2003இல் தமிழ்நாட்டில் கட்டடங்களுக்கு மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதைப் படித்துவிட்டு, எங்கள் பள்ளியின் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பார்த்தார்கள். சருகு நிறைந்திருந்தது. அன்றே சுத்தம் செய்தோம்.

உங்கள் பள்ளியிலும் செய்யலாம்

இதைச் செய்யச் சென்னை தேவையில்லை. மதுரையில் உயர் நீதிமன்றக் கிளை இருக்கும் இடத்தின் பெயர் உலகனேரி. கோவையில் நொய்யல் ஆற்று நீரால் நிரம்பும் குளங்களைச் சுற்றி நகரம் வளர்ந்திருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு கதை இருக்கும். நாங்கள் பின்பற்றிய படிகள் இவை:

1. பெயர்த் தேடல்: ஏரி, தாங்கல், குளம், ஊருணி, மடை, கரை, மேடு, பள்ளம் என முடியும் பெயர்களைத் தொகுக்கச் சொல்லுங்கள். பழவந்தாங்கல், ஐயப்பன்தாங்கல் போன்ற பெயர்களில் உள்ள 'தாங்கல்' நீர்நிலையைக் குறிக்கும் சொல் என்பது பல மாணவர்களுக்குப் புதுச் செய்தி.

2. பெரியவர்களிடம் பேட்டி: "முன்பு இங்கே என்ன இருந்தது? தண்ணீர் எந்தப் பக்கம் போகும்?" இந்த இரண்டு கேள்விகள் போதும்.

3. அளத்தல்: டியூப் மட்டம் இல்லையென்றால் மழை பெய்யும்போது பள்ளி வளாகத்துக்குள் நீர் ஓடும் திசையை அம்புக்குறியால் குறிக்கலாம். கால்வாய், சுரங்கப்பாதை ஆகியவற்றின் அருகே மழை நேரத்தில் மாணவர்களை அழைத்துச் செல்லவே கூடாது.

4. வரைபடம்: மேடு, பள்ளம், மரம், திறந்த மண், வடிகால் வாய் ஆகியவற்றை மாணவர்களே வரையட்டும்.

5. செயல்: கண்டறிந்ததை யாரிடம் சொல்ல வேண்டும் என்று பேசி, ஒரு கடிதமாவது எழுதட்டும். மொழிப்பாட ஆசிரியர் இங்கே துணை நிற்பார்.

தொடக்க வகுப்புகளுக்கு முதல் இரண்டு படிகளே போதும். உயர்நிலை வகுப்புகளில் ஐந்தையும் செய்யலாம்.

கடிதத்துக்குப் பிறகு

எங்கள் மாணவர்கள் வார்டு உறுப்பினருக்குக் கடிதம் எழுதினார்கள். அளவுகளும் வரைபடமும் இணைத்தார்கள். பழைய மேற்பரப்பைச் சுரண்டி எடுத்த பிறகே புதிய சாலை போட வேண்டும் என்று 2021இல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியதைக் கண்டுபிடித்து அதையும் சேர்த்தார்கள். சில வாரங்களில் சந்தின் முனையில் மண் அடைத்திருந்த வடிகால் வாய் தூர்வாரப்பட்டது. சாலை மட்டம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்த மழையில் தண்ணீர் வந்தது, ஆனால் முன்னைவிடச் சீக்கிரம் வடிந்தது என்று அந்த மாணவி சொன்னாள்.

இப்போது அவள் பத்தாம் வகுப்பு. ஒவ்வொரு ஐப்பசியிலும் குறிப்பேடுகளைப் பரண்மேல் ஏற்றிவைக்கிறாள். அவள் தெருவில் அடுத்த முறை தார் போட வரும்போது, "முதல்ல சுரண்டிட்டுப் போடுங்க அண்ணா" என்று சொல்ல அவளுக்குத் தெரியும். ஏன் சொல்கிறோம் என்பதும் தெரியும்.