சொல்லச் சொல்ல எழுதிய ஏடுகள்

கவி இயற்றுவதையும் அதைப் பாடஞ்சொல்வதையும் வாழ்வின் ஒரே தொழிலாகக் கொண்டவர்களில், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு (1815–1876) ஒப்பானவரைக் காண்பது அரிது. திருச்சிராப்பள்ளியிலும் பின்னர் மாயூரத்திலும் வாழ்ந்து, திருவாவடுதுறை ஆதீனத்து வித்துவானாக விளங்கிய அவர், ஒரு கோயிலின் மூர்த்தி, தீர்த்தம், தலமரம் முதலியவற்றின் பெருமையைச் செய்யுளில் விரித்துரைக்கும் தலபுராணங்களை மட்டும் இருபதுக்கு மேல் இயற்றினார். தெய்வத்தையோ பெரியோரையோ குழந்தையாகப் பாவித்துப் பத்துப் பருவங்களில் பாடும் பிள்ளைத்தமிழும், ஒரு செய்யுளின் முடிவே அடுத்ததன் தொடக்கமாக வரும் அந்தாதியும் அவர் பல முறை பாடியவை.

அவர் மனத்திலேயே பாடலை அமைத்து வாயால் சொல்ல, மாணாக்கர் ஒருவர் பனையோலையில் எழுதிக்கொள்வது வழக்கம். எழுத்தாணியால் ஓலையைக் கீறுவது மெல்ல நடக்கும் வேலையாதலால், எழுதுபவருக்கு ஒவ்வொரு சீரும் தனித்தனியே செவியில் தங்கும். முதலடியைக் கேட்டதும், அடிதோறும் இரண்டாம் எழுத்து ஒத்துவரும் எதுகைக்கு ஏற்ப அடுத்த அடி எந்தச் சொல்லில் தொடங்கும் என்று மனம் தானாகவே தேடும். தான் தேடிய சொல்லுக்கும் ஆசிரியர் வாயிலிருந்து வந்த சொல்லுக்கும் உள்ள தொலைவை அந்தக் கணத்திலேயே உணர்வதற்கு ஈடான பாடம் எந்த யாப்பிலக்கண நூலிலும் இல்லை. நூல் இயற்றும் நேரமே கற்பிக்கும் நேரமாகவும் அமைந்த இந்த முறையே அவரது வாழ்வின் மிகச் சிறந்த பகுதி எனலாம்.

கற்பிப்பதற்கு அவர் கூலி பெறவில்லை. மாணாக்கர் பலருக்கு உணவும் அளித்தார். சைவத்தில் ஆழ்ந்த அவரிடம் கிறித்தவரான புதுவைச் சவராயலு நாயகரும் பயின்றார். வந்த பொருளை வைத்துக்கொள்ளத் தெரியாத அவரை வறுமையும் கடனும் இறுதிவரை விடவில்லை என்பது வருத்தத்துக்குரியது. அவருடைய புராணங்களை இன்று படிப்போர் மிகக் குறைவு என்பதும் அவ்வாறே. பழைய கதையை முன்னிட்டு வயலும் வாய்க்காலும் சோலையும் நிறைந்த நாட்டுவளத்தைப் பாடும் அவற்றின் பகுதிகள் மட்டுமேனும் மீண்டும் வாசிக்கப்பட வேண்டும்.

1871-இல் பதினாறு வயதில் அவரிடம் வந்து சேர்ந்த உ.வே.சாமிநாதையர், ஆசிரியர் மறையும்வரை உடனிருந்து கற்றார். 1880-இல், கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியரும் பிள்ளையின் மூத்த மாணாக்கருமான தியாகராச செட்டியார், ஓய்வுபெறும்போது தம் இடத்துக்குச் சாமிநாதையரையே பரிந்துரைத்தார். அங்கிருந்தபோதுதான் 1887-இல் சீவகசிந்தாமணிப் பதிப்பு வெளிவந்தது. ஏறத்தாழ எண்பது வயதை எட்டிய நிலையில், 1933, 1934 ஆகிய ஆண்டுகளில், அவர் இரண்டு பாகங்களாக வெளியிட்டது தம் ஆசிரியரின் சரித்திரத்தை.