பாதிரியார்களுக்குப் பள்ளிக்கூடம்!

மே மாதம் வந்தால் பிள்ளைகளுக்கு லீவு. பாதிரியார்களுக்குப் பள்ளிக்கூடம்!

நம்ப மாட்டீர்கள். நானும் நம்பவில்லை. வருஷம் பூராவும் ஊருக்கே பாடம் சொல்கிறவர்கள், நாலு நாள் நோட்டும் பேனாவுமாக பெஞ்சில் உட்கார்ந்து, "சார், அதை இன்னொரு தடவை சொல்லுங்க" என்று கேட்டதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் நம்பினேன். பார்த்த இடம், கொடைக்கானல்.

எனக்கு அங்கே என்ன வேலை? கணக்கு எழுதுகிற வேலை! என்னோடு பி.காம். படித்த தோழர் ஒருவர் சிவகாசிப் பக்கம் ஒரு கிராமத்தில் போதகராக இருக்கிறார். பற்று வரவு டாலி ஆகாமல்தான் அவர் இறையியல் பக்கம் போனார் என்று நான் சொல்வேன். "உனக்கு மட்டும் டாலி ஆச்சாக்கும்? அதானே பத்திரிகைக்கு எழுதிக்கிட்டுத் திரியறே!" என்பார் அவர். நாலு பேர் முன்னால் நான் அவரை 'ஐயா' என்பேன். தனியாக இருந்தால் 'மாப்ளே'தான்.

தென்மாவட்டங்களிலிருந்து முப்பது போதகர்கள் ஒன்றுகூடி வேதம் படிக்கிற கோடை முகாமாம். சாப்பாட்டுக் கணக்குப் பார்க்க ஆள் வேண்டுமாம். "நான் பங்குனிப் பொங்கலுக்கு அக்கினிச் சட்டி எடுக்கிற வீட்டுப் பிள்ளையாச்சே?" என்றேன். "சாம்பாருக்கு ஏது மாப்ளே மதம்?" என்றார். விருதுநகரில் அன்றைக்கு ரோட்டுக்கும் பரோட்டாக் கல்லுக்கும் வித்தியாசம் தெரியவில்லை. மேற்கொண்டு விவாதிக்காமல் ஸ்வெட்டரைத் தேடினேன்.

இப்படி மலையேறுவது ஒன்றும் புதுப் பழக்கமில்லை. 1834-ல் மதுரைக்கு வந்த அமெரிக்க மிஷனரிகள், வெயிலிலும் காய்ச்சலிலும் அடுத்தடுத்து ஆட்களைப் பறிகொடுத்துவிட்டு, 1845-ல் கொடைக்கானலில் வீடு கட்டினார்கள். எங்கள் சீமைக்கு வந்த ராக்லண்ட் பாவம், கேம்பிரிட்ஜில் கணிதத்தில் கொடிகட்டிப் பறந்தவர். கூடாரம் போட்டு ஊர் ஊராகச் சுற்றி, 1858-ல் சிவகாசியிலேயே உயிரை விட்டார். கணக்கு படித்தவர்களுக்கு எங்கள் ஊர் அவ்வளவாக ராசியில்லை போல.

முகாமின் முதல் சட்டமே வயிற்றைக் கலக்கியது. யாரும் பிரசங்கம் செய்யக் கூடாது! பேசலாம், கேட்கலாம், சண்டைகூடப் போடலாம். ஆனால் மூன்று நிமிஷத்துக்கு மேல் ஒருவரே பேசினால் பத்து ரூபாய் அபராதம். பொருளாளர், அடியேன். பாவம், முதல் நாள் பட்ட பாடு! ஒருவர் காலை உப்புமாவைப் பற்றி ஆரம்பித்து மன்னாவில் போய் முடித்தார். நாலு நிமிஷம் பத்து விநாடி. அன்று மாலைக்குள் உண்டியலில் 140 ரூபாய் சேர்ந்துவிட்டது.

பாடம் எடுத்தவர் ஓய்வு பெற்ற இறையியல் பேராசிரியர். குரல் மெல்லிசு, குறும்பு அதிகம். "நாம படிக்கப் போறது யூதர்களோட வேதப் புத்தகம். அதனால அவங்க படிக்கிற மாதிரியே படிப்போம்" என்று எல்லோரையும் இரண்டிரண்டு பேராகப் பிரித்து உட்கார வைத்தார்.

யூத குருமார்களுக்கு ரபி என்று பெயர். அவர்கள் மௌனமாகப் படிக்க மாட்டார்களாம். எதிரும் புதிருமாக இரண்டு பேர் உட்கார்ந்து, வரியைச் சத்தமாக வாசித்து, நீ சொல்வது தப்பு, இல்லை நீ சொல்வதுதான் தப்பு என்று முட்டிக்கொள்ள வேண்டும். இப்படிச் சேர்ந்து படிக்கும் ஜோடிக்கு 'ஹவ்ரூத்தா' என்று பெயர். தோழமை என்று அர்த்தம்.

அவர்களுடைய தல்மூத் நூலில் ஒரு கதை வருகிறது. யோகனான் என்று ஒரு பெரிய ரபி. அவருக்குப் படிப்புத் தோழர், முன்னாளில் வழிப்பறிக் கொள்ளைக்காரராக இருந்து திருந்திய ரேஷ் லகிஷ். இந்த ஆள் இறந்துபோக, பெரியவர் இடிந்துபோய் உட்கார்ந்துவிட்டார். மற்றவர்கள் ஒரு கெட்டிக்கார மாணவரை அவரிடம் அனுப்பி வைத்தார்கள். வந்தவர், பெரியவர் சொன்னதற்கெல்லாம் "சரிதான், இதற்கு ஆதாரம்கூட இருக்கிறது" என்று தலையாட்டினார். பெரியவருக்குக் கோபம் வந்துவிட்டது. ரேஷ் லகிஷ் என்றால் ஒவ்வொன்றுக்கும் இருபத்து நாலு ஆட்சேபம் சொல்வானே, நான் இருபத்து நாலு பதில் சொல்வேனே, அப்படித்தானே விஷயம் விளங்கியது என்று அழுதாராம். இதைக் கேட்டதும் எனக்கு என் மனைவி மேல் ஒரு தனி மரியாதை வந்தது.

குருமார்களே மாணவர்களாகிற இந்த வழக்கத்துக்கு ஆயிரத்தைந்நூறு வருஷத்துக்கு மேல் வயது. இன்றைய இராக்கில் இருந்த சூரா, பும்பெதித்தா என்ற ஊர்களின் கல்விக்கூடங்களில் வருஷத்துக்கு இரண்டு மாதம், கோடை முடிகிற சமயத்தில் ஒன்று, குளிர் முடிகிற சமயத்தில் ஒன்று, ஊர் ஊராகப் பாடம் சொல்கிறவர்களெல்லாம் வந்து கூடுவார்கள். எந்தப் பகுதி என்பதை முன்கூட்டியே அறிவித்துவிடுவார்கள். வீட்டில் ஐந்து மாதம் படித்துவிட்டு வந்து இங்கே மோத வேண்டும். நம் காலத்திலும் ஜெருசலேமில், 1976-ல் ரபி டேவிட் ஹார்ட்மன் தொடங்கிய நிறுவனம் கோடைகளில் ரபிகளை வரவழைத்துப் படிக்க வைத்து வருகிறது. இவ்வளவுக்கும் பக்கத்துக் கொச்சியிலிருந்த யூதர்கள், தங்களுக்கென்று முறைப்படி பட்டம் பெற்ற ரபிகள் இல்லாமலே நூற்றாண்டுக் கணக்கில் காலம் தள்ளினார்கள். ஊர்ப் பெரியவர்களே படித்துக்கொண்டார்கள்.

இதுவரை எல்லாம் சிரிப்பும் கும்மாளமுமாகத்தான் போயிற்று. மூன்றாம் நாள் யோபு வந்தார்.

கதை தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். யோபு நல்ல மனிதர். ஒரே நாளில் சொத்தும் போய், பத்துப் பிள்ளைகளும் போய்விடுகிறார்கள். நம் அரிச்சந்திரன் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் அரிச்சந்திரன் வாய் திறக்க மாட்டான். இவர் கடவுளையே "ஏன்?" என்று கேட்பார். துக்கம் விசாரிக்க வந்த மூன்று நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அப்புறம் வாயைத் திறந்து, நீ ஏதோ பாவம் செய்திருக்கிறாய், கடவுள் நியாயமாகத்தான் செய்வார் என்று பக்கம் பக்கமாகப் பேசுகிறார்கள். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது கேள்வி கேட்ட யோபு மேல் அல்ல. கடவுளுக்காக வக்காலத்து வாங்கிய இந்த மூன்று பேர் மேல்!

"அந்த மூணு பேரும் உருப்படியாச் செஞ்சது முதல் ஏழு நாள் வேலைதான்" என்றார் பேராசிரியர்.

என் தோழர் எழுந்தார். அவருக்கு ஜோடியாகப் போட்டிருந்தது சாத்தூர்ப் பக்கத்து மூத்த போதகர் ஒருவரை. மூன்று நாளாக இருவருக்கும் ஒத்தே போகவில்லை.

"எங்க சபையில முக்கால்வாசி ஜனம் பட்டாசு ஆலைக்குத்தான் போகுது, சார். ஒரு வருஷம் ஒரே வாரத்துல மூணு அடக்கம் எடுத்தேன். பெட்டியைத் திறக்கலை. திறக்கிற மாதிரி இல்லை. ஒரு பொம்பளை என்னைப் பாத்து, 'காலையில ஜெபம் பண்ணிட்டுத்தானே ஐயா போனாரு?'ன்னு கேட்டுச்சு. நான், 'தேவ சித்தம்மா'ன்னு சொன்னேன். மறுநாள் பேப்பரைப் பாத்தா, 'மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக'ன்னு போட்டிருக்கு. ஒவ்வொரு தடவையும் அதையேதான் போடுறாங்க. நானும் ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றேன். அவங்களுக்கு 'உராய்வு', எனக்கு 'தேவ சித்தம்'. ரெண்டு பேருமே அதுக்கு மேல யோசிக்கிறதில்லை."

அறையில் சத்தமே இல்லை. மூன்று நிமிஷம் தாண்டியிருக்கலாம். நான் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு அவர் சொன்னது புரியும். 5-9-2012 அன்று முதலிப்பட்டியில் கிட்டத்தட்ட 40 பேர். அதில் பலர், முதல் வெடிச் சத்தம் கேட்டு உதவ ஓடியவர்களும் வேடிக்கை பார்க்கப் போனவர்களும். 12-2-2021 அன்று அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். நடுவிலும் பின்னாலும் ஒன்றும் இரண்டுமாகப் போனவர்கள், செய்தித்தாளின் உள்பக்கத்தோடு சரி. வெயில் ஏறுவதற்குள் மருந்து கலந்து முடிக்க வேண்டும், ஓர் அறையில் நாலு பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்றெல்லாம் விதி இருக்கிறது. விபத்து நடந்த பிறகுதான் அறையில் எத்தனை பேர் இருந்தார்கள், ஆலை யார் கையில் உள்குத்தகைக்கு இருந்தது என்பதெல்லாம் வெளியே வருகிறது. உராய்வு வெறும் மருந்தில் மட்டும் ஏற்படுவதில்லை. ஆனால் அடக்க வீட்டில் நிற்கிற போதகர் இதையெல்லாம் பேச முடியுமா?

சாத்தூர்ப் பெரியவர் விடவில்லை. "பின்னே என்னதான் சொல்லணுங்கிறீங்க? ஒண்ணும் சொல்லாம திரும்பி வந்தா, இவருக்கு விசுவாசமே இல்லைன்னு சபை சொல்லாதா? ஜனம் ஒரு ஆறுதல் வார்த்தைக்குத்தானே நம்மளத் தேடுது?"

நியாயமான கேள்விதான். எனக்கே அவர் பக்கம் சாய்ந்துவிடலாம் போலிருந்தது.

யோபுவின் நண்பர்களை வைத்துத்தான் ரபிகள் ஒரு விதி செய்தார்கள் என்றார் பேராசிரியர். துக்க வீட்டுக்குப் போகிறவர், துக்கப்படுகிறவர் வாய் திறக்கும்வரை தானாகப் பேச்சை ஆரம்பிக்கக் கூடாது. ஏழு நாள் துக்கத்தில், வந்தவர்களுக்கு முகமன் சொல்வதுகூட இல்லை. கேட்டபோது எனக்கு எங்கள் ஊர் ஞாபகம் வந்தது. துஷ்டி வீட்டுக்கு நாமும் "வாங்க" இல்லாமல்தான் போகிறோம், "போயிட்டு வர்றேன்" இல்லாமல்தான் திரும்புகிறோம். நடுவில் பெஞ்சில் உட்கார்ந்து துண்டை மடிப்பதும் பிரிப்பதுமாக இருப்போமே, அதற்கும் ஒரு சாஸ்திரம் இருக்கிறது போல!

மூத்தவருக்கு இது போதவில்லை. "அவங்க வாயே திறக்கலைன்னா?" என்றார்.

"உக்காந்திருங்க."

"எவ்வளவு நேரம்?"

"ஏழு நாள்னு போட்டிருக்கே" என்றார் பேராசிரியர். எல்லோரும் சிரித்தார்கள், பெரியவரைத் தவிர.

அபராத உண்டியலில் நாலு நாளில் சேர்ந்தது 340 ரூபாய். சமையல்காரருக்குக் கொடுத்தோம். கணக்கு டாலி.

ஜூலையில் சிவகாசிப் பக்கம் போனபோது தோழரைப் பார்த்தேன். அதற்குள் ஒரு அடக்கம் வந்துவிட்டிருந்தது. ஆலைக்குப் போன பையன், இருபத்திரண்டு வயசு. இவர் போய்ப் பெற்றவருக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு மணி நேரம். வெளியே, "ஐயா ஏன் ஜெபத்தை ஆரம்பிக்கலை?" என்று முணுமுணுப்பு. ரெண்டாவது மணி நேரம் அந்த அப்பாதான் பேசினாராம். பையன் தவணையில் வாங்கிய பைக்கைப் பற்றி. நாலு தவணை பாக்கி. அப்புறம் அவன் சின்ன வயதில் கண்மாயில் நீச்சல் படித்ததைப் பற்றி. அப்புறம், "ஒரு ஜெபம் பண்ணுங்கய்யா" என்றாராம். பண்ணியிருக்கிறார். மறுவாரம் வாரிசுச் சான்றிதழுக்கு அவரோடு தாலுகா ஆபீசுக்கும் அலைந்திருக்கிறார்.

சாத்தூர்ப் பெரியவர் இப்போதும் ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு மணி நேரம் அந்த ஆத்தாளுக்கு யார் ஆறுதல் சொன்னா?" என்று கேட்கிறாராம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சாப்பிட்டு எழுந்ததும் இருவரும் போனில் பிடித்துக்கொள்கிறார்கள். நான் உட்கார்ந்திருந்த அன்றைக்கும் மணி அடித்தது.

"இரு மாப்ளே, பெரியவர்தான்" என்று போனை எடுத்துக்கொண்டு திண்ணைக்குப் போனவர், முக்கால் மணி நேரம் வரவில்லை.