விட்ட கேட்சும் பிடிபடாத காளையும்

"லட்டு மாதிரி வந்த கேட்ச் மாப்ள. அதை விட்டுட்டு பவுண்டரி ஓரத்துல நின்னு டான்ஸ் வேற ஆடுறான்!"

"ஏண்டா, முதல் இன்னிங்ஸ்ல அவன் அடிச்ச நூறு கணக்குல வராதா?"

"நாலு கேட்சை விட்டவன் நூறு அடிச்சு என்ன புண்ணியம்?"

2025 ஜூன் கடைசி வாரத்தில் புதுக்கோட்டை கீழராஜ வீதியிலோ, ஆலங்குடி, அறந்தாங்கிப் பக்கமோ டீக்கடையில் பத்து நிமிடம் நின்றவர்கள் காதில் இந்தப் பேச்சு விழாமல் இருந்திருக்காது. குற்றவாளிக் கூண்டில் நின்றவர் யஷஸ்வி ஜெய்ஸ்வால். வழக்கு, இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் இந்தியா தோற்ற டெஸ்ட். ஐந்து சதம் அடித்த அணி அந்த ஆட்டத்தில் ஐந்து விக்கெட் வித்தியாசத்தில் தோற்றது. யார் தலையிலாவது பழியைப் போட்டாக வேண்டும் என்று தேடியவர்களுக்கு, நான்கு கேட்ச்களைக் கோட்டைவிட்ட ஜெய்ஸ்வால் கையில் கிடைத்தார்.

கோபத்தில் நியாயம் இல்லை என்று சொல்ல முடியாது. ஆனால் கேட்ச் விட்டவனை எப்படி எடைபோடுவது என்பதில் நம் கிரிக்கெட் ரசிகர்களுக்கு ஒரு பாடம் பாக்கி இருக்கிறது. அந்தப் பாடம் இதே மாவட்டத்து வாடிவாசல்களில் ஒவ்வொரு தை மாதமும் நடக்கிறது.

கணக்கைப் பார்ப்போம்

முதலில் அரசுத் தரப்பு வாதம். லீட்ஸ் டெஸ்டின் முதல் இன்னிங்ஸில் ஆலி போப் 60 ரன்னில் இருந்தபோது ஜெய்ஸ்வால் கேட்சை விட்டார். போப் 106 வரை போனார். ஹாரி புரூக் 82-ல் தப்பி 99 அடித்தார். கடைசி நாளில் 371 ரன் இலக்கைத் துரத்தும்போது பென் டக்கெட் 97-ல் சிராஜ் பந்தைத் தூக்கி அடித்தார். ஓடி வந்து சறுக்கிய ஜெய்ஸ்வாலின் கைக்கு வந்த பந்து தரைக்குப் போனது. டக்கெட் எடுத்தது 149. இந்த மூன்று கேட்ச்களுக்குப் பிறகு அந்த மூவரும் சேர்த்த ரன் மட்டும் 115. முதல் இன்னிங்ஸில் டக்கெட் வந்த சற்று நேரத்திலேயே கொடுத்த வாய்ப்பு இதில் சேராது.

இனி எதிர்த்தரப்பு. முதல் இன்னிங்ஸில் 3 விக்கெட்டுக்கு 430 என்று கம்பீரமாக நின்ற இந்தியா 471-க்குச் சுருண்டது. 41 ரன்னுக்குள் ஏழு விக்கெட். இரண்டாவது இன்னிங்ஸிலும் அதே கூத்துதான்: 4 விக்கெட்டுக்கு 333-ல் இருந்து 364-க்கு எல்லோரும் அவுட். 31 ரன்னுக்குள் ஆறு பேர். இரண்டு முறையும் வால் பகுதி ஆளுக்குப் பதினைந்து ரன் சேர்த்திருந்தால், டக்கெட்டின் கேட்சைப் பற்றி நாம் பேசிக்கொண்டிருக்க மாட்டோம். ஆனால் அந்தப் பதின்மூன்று விக்கெட்டையும் பற்றி டீக்கடையில் யார் பேசினார்கள்? பழி பலர் மேல் பிரிந்துபோனால் அதற்கு முகம் கிடையாது. விட்ட கேட்சுக்கு முகம் உண்டு, ரீப்ளே உண்டு, அந்தப் பையன் தலையில் கை வைத்து நிற்கும் படம் உண்டு.

அதே ஆட்டத்தில் ரிஷப் பந்தும் ஜடேஜாவும்கூட கேட்ச் விட்டார்கள். பும்ரா பந்தில்தான் பல வாய்ப்புகள் போயின. ஐந்து விக்கெட் எடுத்துவிட்டு வந்த பும்ராவோ, யாரும் வேண்டுமென்று கேட்ச் விடுவதில்லை என்ற தொனியில் பேசி விஷயத்தை முடித்துவிட்டார். நஷ்டப்பட்டவரே பெரிதுபடுத்தாததை நாம் வாரக்கணக்கில் இழுத்தோம்.

இதே லீட்ஸ் மைதானத்துக்கு இன்னொரு பழைய கேட்ச் கதையும் உண்டு. 1999 உலகக் கோப்பை, ஜூன் 13. ஸ்டீவ் வா 56 ரன்னில் கொடுத்த எளிய கேட்சைத் தென்னாப்பிரிக்காவின் ஹெர்ஷல் கிப்ஸ் பிடித்தார். முழுதாகக் கைவசப்படும் முன்பே கொண்டாட்டமாகத் தூக்கிப்போட முயன்று கீழே விட்டார். வா 120 அடித்து ஆட்டமிழக்காமல் நின்றார், ஆஸ்திரேலியா வென்று கடைசியில் கோப்பையையும் தூக்கியது. இருபத்தைந்து வருடம் தாண்டியும் கிப்ஸ் என்றால் அந்தக் கேட்ச்தான். அன்று அவர் 101 ரன் அடித்திருந்தார் என்பது எத்தனை பேருக்கு ஞாபகம்? 2025-ல் அதே லீட்ஸில் ஜெய்ஸ்வால் முதல் இன்னிங்ஸில் அடித்ததும் 101தான்.

"கையில எண்ணெய் தடவிட்டு வந்தியா?"

புதுக்கோட்டை மாவட்டத்தில் கோடை வந்தால் வற்றிய கண்மாய்கள் எல்லாம் கிரிக்கெட் மைதானம். கோயில் திருவிழாவை ஒட்டி நடக்கும் டென்னிஸ் பால் போட்டிக்குச் சுண்ணாம்புத் தூளில் எல்லைக்கோடு, ஒரு மைக் செட், முதல் பரிசு கொடுப்பவர் படம் போட்ட ஃப்ளெக்ஸ். அங்கே விளையாடிய எவனைக் கேட்டாலும் சொல்வான், கேட்ச் பிடிப்பது டிவியில் தெரிவதுபோல் இல்லை என்று. டென்னிஸ் பந்து எடையில்லாதது. மேலே போனால் காற்று அதை இரண்டு அடி தள்ளிக்கொண்டு போகும். சாயங்கால வெயில் கண்ணில் அடிக்கும். கையை விறைப்பாக வைத்தால் ரப்பர் பந்து உள்ளங்கையில் பட்டுத் துள்ளி வெளியே போய்விடும். பந்து வரும்போது கையைக் கொஞ்சம் பின்னால் வாங்கிக்கொடுக்க வேண்டும். இதெல்லாம் தெரிந்த நாமே, விட்டவனைப் பார்த்ததும் கேட்பது, "கையில எண்ணெய் தடவிட்டு வந்தியாடா?"

ஜெய்ஸ்வால் முதல் இன்னிங்ஸில் நின்ற இடம் இதைவிட மோசம். ஸ்லிப், கல்லி வரிசையில் நிற்பவருக்கு, மட்டையின் விளிம்பில் உரசி வரும் பந்தைப் பார்த்து முடிவெடுக்கக் கிடைப்பது ஏறக்குறைய அரை நொடி. இங்கிலாந்தின் ட்யூக்ஸ் பந்து மட்டையைத் தாண்டிய பிறகும் காற்றில் ஆடும். குளிரில் விரல் மரத்துப்போகும். ஒரு முறை விரல் நுனியில் அடி வாங்கியவனுக்கு அடுத்த பந்துக்குக் கை தானாக இறுகும். இறுகிய கையில் பந்து தங்காது. ஒன்றை விட்டவன் அடுத்ததையும் விடுவது பெரும்பாலும் இதனால்தான்; அலட்சியத்தால் அல்ல.

வாடிவாசல் நியாயம்

தமிழ்நாட்டிலேயே வாடிவாசல்கள் அதிகம் உள்ள மாவட்டம் புதுக்கோட்டை. வருடம் பிறந்ததும் கந்தர்வகோட்டைப் பக்கம் தச்சங்குறிச்சியில் தொடங்குகிற ஜல்லிக்கட்டு, வன்னியன்விடுதி, விராலிமலை, திருநல்லூர், மங்கதேவன்பட்டி என்று ஊர் ஊராக மே மாதம் வரை ஓடும். சுற்றுச் சுற்றாக வண்ணச் சீருடையில் இறங்கும் வீரர்கள், ஒரு காளை வாடியைத் தாண்டி வந்ததும் திமிலை மட்டும்தான் பிடிக்கலாம். கொம்பைத் தொடக்கூடாது, வாலைப் பிடிக்கக்கூடாது. குறித்த தூரமோ மூன்று துள்ளலோ தாங்கினால் வீரருக்கு வெற்றி. கை நழுவினால்?

மைக்கில் வரும் அறிவிப்பு: "மாடு ஜெயிச்சிருச்சு!"

இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். வீரர் தோற்றார் என்று யாரும் சொல்வதில்லை. பரிசு காளைக்காரர் கைக்குப் போகிறது. நாலு பேரைச் சுற்றவிட்டு நின்று விளையாடிய மாடு என்றால், கேலரியில் இருப்பவன் அதன் பேரை, அது எந்த ஊர் மாடு என்பதைக் கேட்டுத் தெரிந்துகொண்டு போவான். திமிலில் கை வைத்து இரண்டு துள்ளலில் விழுந்த பையனுக்கும் கைதட்டல் உண்டு, ஏனென்றால் எதிரே வந்தது என்ன என்று கூட்டத்துக்குத் தெரியும். அதே நேரம் இந்தக் கூட்டம் ஏமாளியும் அல்ல. சும்மா ஓரத்தில் நின்று தடுப்புக் கட்டையைப் பிடித்துக்கொண்டிருப்பவனை அதுவே கிண்டல் பண்ணும். நாளெல்லாம் நின்று எத்தனை மாடு பிடித்தான் என்று எண்ணிக்கை வைத்துத்தான் சிறந்த வீரரைத் தேர்ந்தெடுப்பார்கள். நழுவிய ஒரு திமிலை வைத்து ஆளை முடிவுகட்டுவதில்லை.

வந்தது எப்பேர்ப்பட்ட வாய்ப்பு, எத்தனை முறை இறங்கினான், மொத்தத்தில் எத்தனை பிடித்தான். வாடிவாசலில் இயல்பாகக் கேட்கும் இந்த மூன்று கேள்விகளை, செல்போனில் ஸ்கோர் பார்க்கும்போது மட்டும் மறந்துபோகிறோம்.

கேலி எல்லை தாண்டும்போது

மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஷ்தீப் சிங் சாட்சி. 2022 செப்டம்பர் 4, துபாய், ஆசியக் கோப்பையில் பாகிஸ்தானுடன் ஆட்டம். பதினெட்டாவது ஓவரில் ஆசிஃப் அலியின் எளிய கேட்சை 23 வயது அர்ஷ்தீப் விட்டார். அடுத்த ஓவரில் அனுபவஸ்தர் புவனேஷ்வர் குமார் 19 ரன் கொடுத்தார். கடைசி ஓவரில் வெறும் ஏழு ரன்னை வைத்துக்கொண்டு, அதே ஆசிஃப் அலியை எல்பிடபிள்யூ ஆக்கி, ஐந்தாவது பந்து வரை ஆட்டத்தை இழுத்தவர் அர்ஷ்தீப். ஆனாலும் அன்றிரவு வசை முழுவதும் அவர் மேல்தான். அவருடைய விக்கிப்பீடியா பக்கத்தைத் திருத்தி, மதத்தை இழுத்து, தேசத் துரோகி என்று முத்திரை குத்தினார்கள். அழுத்தத்தில் யாரும் தவறு செய்யலாம் என்று விராட் கோலி வெளிப்படையாகப் பேச வேண்டியிருந்தது.

ஒன்றரை மாதம் கழித்து மெல்போர்னில், உலகக் கோப்பையில் அதே பாகிஸ்தானின் பாபர் ஆஸத்தை முதல் பந்திலேயே வெளியேற்றினார் அர்ஷ்தீப். 2024-ல் இந்தியா டி20 உலகக் கோப்பை வென்றபோது 17 விக்கெட்டுடன் முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டார். முந்தைய வசையை எழுதியவர்கள் அப்போது என்ன எழுதினார்கள் என்று கேட்கத் தோன்றுகிறது.

எல்லைக்கு அப்பாலும் இதே கதைதான். 2021 டி20 உலகக் கோப்பை அரையிறுதியில் மேத்யூ வேட் கேட்சைப் பாகிஸ்தானின் ஹசன் அலி விட்டார். வேட் அடுத்த மூன்று பந்தையும் சிக்சருக்கு அனுப்பி ஆட்டத்தை முடித்தார். ஷாஹீன் அஃப்ரிடி போட்ட அந்த மூன்று பந்துக்கும் சேர்த்து ஹசன் அலிதான் திட்டு வாங்கினார்.

அமெரிக்காவில் ஒரு 'ஓட்டைக் கை'

முட்டை வடிவப் பந்தைக் கையில் எடுத்து ஓடும் அமெரிக்கக் கால்பந்தில், பந்தைப் பிடிப்பதையே முழுநேர வேலையாகச் செய்பவர் உண்டு. வைட் ரிசீவர் என்று பெயர். மைதானத்தின் ஓரமாகப் பறந்து ஓடி, நாற்பது கெஜத்துக்கு அப்பாலிருந்து வீசப்படும் பந்தைத் திரும்பிப் பார்த்துப் பிடிக்க வேண்டும். கைக்கு வந்த பந்தை விட்டால் அது 'டிராப்' என்று பெயருக்கு நேரே எண்ணிக்கையாகவே ஏறும். அதை வைத்து ரசிகர்கள் வாரம் முழுக்கச் சண்டை போடுவார்கள்.

கேன்சஸ் சிட்டி அணியின் மார்க்கெஸ் வால்டெஸ்-ஸ்கேன்ட்லிங் 2023 நவம்பரில், பிலடெல்பியாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி நேரத்தில், வெற்றியைத் தந்திருக்கக்கூடிய நீண்ட பந்தைக் கையிலிருந்து விட்டார். அணி 17–21 என்று தோற்றது. ஆளைத் தூக்கு என்று ஊரே கத்தியது. தூக்கவில்லை. 2024 ஜனவரி 28-ல் பால்டிமோருக்கு எதிரான அரையிறுதி போன்ற ஆட்டத்தில், வெற்றியை உறுதி செய்த கடைசி நீளப் பந்தை விழுந்து பிடித்தவர் அவர்தான். இரண்டு வாரம் கழித்து நடந்த சூப்பர் பவுல் இறுதியில் ஒரு டச் டவுனும் போட்டார். கோப்பை கேன்சஸ் சிட்டிக்கு.

அப்படியானால் திட்டவே கூடாதா?

தாராளமாகத் திட்டலாம். காசும் நேரமும் செலவழித்துப் பார்ப்பவனுக்கு அந்த உரிமை உண்டு. தொடர்ந்து கேட்ச் விடுபவரை அதே இடத்தில் நிறுத்திக்கொண்டிருந்தால் கேப்டனையும் பயிற்சியாளரையும் சேர்த்தே கேட்க வேண்டும். லீட்ஸுக்குப் பிறகு இந்திய அணி செய்ததும் அதுதான். பர்மிங்காமில் நடந்த அடுத்த டெஸ்டில் ஜெய்ஸ்வாலை ஸ்லிப் வரிசையிலிருந்து நகர்த்தி, அடி வாங்கிய கைகளுக்கு ஓய்வு கொடுத்தார்கள். பேட்டிங்கில் அவர் இடத்தில் கை வைக்கவில்லை. இந்தியா அந்த ஆட்டத்தை 336 ரன் வித்தியாசத்தில் வென்றது. தொடரின் கடைசி டெஸ்டில், ஓவலில், ஜெய்ஸ்வால் 118 அடித்தார். அந்தச் சதத்தில் இங்கிலாந்துக்காரர்கள் அவருக்கு விட்ட கேட்ச்களுக்கும் பங்கு உண்டு!

அதே ஓவலில் புரூக் 19-ல் இருந்தபோது அவரது கேட்சைப் பிடித்த சிராஜ், கால் தவறி எல்லைக் கயிற்றை மிதித்துவிட்டார். புரூக் 111 அடித்தார். அன்றிரவு சிராஜுக்கு விழுந்த வசையை நாம் எல்லோரும் படித்தோம். மறுநாள் காலை, ஆகஸ்ட் 4, கடைசி நான்கு விக்கெட்டில் மூன்றை எடுத்து, அட்கின்சனின் ஸ்டம்பைப் பெயர்த்து, ஆறு ரன்னில் ஆட்டத்தை வென்று கொடுத்தவர் சிராஜ்தான். தொடர் 2–2 என்று சமன்.

வரும் கோடையில் நம் கண்மாய்களில் மறுபடி மைக் செட் கட்டுவார்கள். பதினைந்து வயதுப் பையன் ஒருவன் லாங் ஆனில் கேட்சை விடுவான். அப்போது மைக் பிடித்திருக்கும் அண்ணன்மாருக்கு ஒரு வேண்டுகோள். அவன் பேரையும் ஊரையும் சொல்லிக் கேலி செய்து மானத்தை வாங்காதீர்கள். தை மாதத்தில் நீங்களே வாடிவாசலில் சொல்லும் வார்த்தையைச் சொல்லுங்கள்: பந்து ஜெயிச்சிருச்சு. பிறகு அடுத்த பந்துக்கு அவனை அதே இடத்தில் நிற்க விடுங்கள்.