டிரிப் ட்யூபும் மக்கும் சீட்டும்

சின்னமனூர், கம்பம் பக்கத்து வாழைத் தோட்டங்களில் வரிசைக்கு வரிசை கறுப்பு ட்யூப் ஓடுகிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் 1895 முதல் இந்தப் பள்ளத்தாக்குக்கு வருகிறது. வாய்க்கால் எட்டாத மேட்டு நிலத்துக்குச் சொட்டுநீர்தான் கைகொடுக்கிறது. அந்த ட்யூப் பாலித்தீன். வெயிலில் பொடிந்து போகாமலிருக்க 2 முதல் 3 சதவீதம் கரித்தூள் சேர்த்திருப்பார்கள். கறுப்பு நிறம் அதனால் வந்தது. பல வருடம் உழைக்கும். அதே பாலித்தீனைத் தக்காளிப் பாத்தியில் மல்ச்சிங் சீட்டாக விரித்தால் கதை வேறு. அறுவடை முடிந்து உருவும்போது கிழிகிறது, கலப்பையில் சிக்குகிறது, துண்டு துண்டாக மண்ணுக்குள் தங்கிவிடுகிறது.

உழைக்க வேண்டிய ட்யூப், மக்க வேண்டிய சீட் என்ற இந்த இரண்டு வேலைக்கும் ஏற்ற பிளாஸ்டிக்கைச் செய்து தருவது வினையூக்கி வேதியியல். எத்திலீன் என்ற வாயுவின் மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்தால் பாலித்தீன். 1933-ல் இங்கிலாந்தில் இதை முதலில் செய்தபோது ஆயிரம் மடங்குக்கும் மேலான காற்றழுத்தம் தேவைப்பட்டது. 1953-ல் ஜெர்மனியின் மூல்ஹைமில் கார்ல் சீக்லரின் ஆய்வகத்தில் ஒரு சோதனை எதிர்பாராமல் நின்றுபோனது. கலத்தில் ஒட்டியிருந்த துளி நிக்கல்தான் சங்கிலியை வளரவிடாமல் செய்தது என்று துருவிக் கண்டுபிடித்தார்கள். நிக்கல் தடுக்குமென்றால் வேறு உலோகம் வளர்க்குமா? ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே போய் டைட்டானியத்தில் கைவைத்தபோது, சாதாரண அழுத்தத்திலேயே பாலித்தீன் குவிந்தது. பழைய முறையில் வந்த சங்கிலிகள் கிளை கிளையாகப் பிரிந்திருந்தன. கருவேல முள்ளை அடுக்கியது போல நடுவே இடைவெளி. புதிய சங்கிலிகள் கரும்புக் கட்டுப் போல நெருங்கி நின்றன. அதனால் உறுதி கூடியது. மறு ஆண்டே இத்தாலியின் ஜூலியோ நட்டா இதே வழியில் பாலிபுரப்பிலீன் செய்தார். இருவருக்கும் 1963-ல் நோபல் கிடைத்தது.

இந்த இயலை இந்தியாவில் வேரூன்றச் செய்தவர்களில் முக்கியமானவர் சுவாமிநாதன் சிவராம். சென்னை கிறித்தவக் கல்லூரியில் தொடங்கி, கான்பூர் ஐ.ஐ.டி. வழியாக அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் போய், பின்னாளில் நோபல் பெற்ற எச்.சி. பிரவுனிடம் முனைவர் பட்டம் முடித்தார். திரும்பி வந்து வதோதராவில் ஐ.பி.சி.எல். நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவில் சேர்ந்தார். 1977-லேயே சீக்லர் வினையூக்கிகளின் இரண்டாம், மூன்றாம் தலைமுறைகளை அலசி விரிவான ஆய்வுரை எழுதினார். அந்தத் தலைமுறைகளின் அருமை சிக்கனத்தில் இருக்கிறது. இன்று ஒரு கிராம் வினையூக்கி பத்துக் கிலோவுக்கும் மேல் பிளாஸ்டிக் தருகிறது; மிச்ச உலோகத்தைக் கழுவி எடுக்கும் வேலையே இல்லை. பிறகு புனே தேசிய வேதியியல் ஆய்வகத்துக்குப் போனவர், 2002 முதல் 2010 வரை அதன் இயக்குநராக இருந்தார். 2006-ல் பத்மஸ்ரீ.

அவருடைய பணியில் நம் பள்ளத்தாக்குக்கு நெருக்கமாக எனக்குப் படுவது, புனேயில் அவர் குழு செய்த பாலிலாக்டிக் அமில ஆய்வு. இதுவும் ஒரு பிளாஸ்டிக்தான்; ஆனால் மூலப்பொருள் பெட்ரோலியம் அல்ல, சர்க்கரை. கரும்புச் சர்க்கரையைப் பாக்டீரியா நொதிக்கவைத்தால் லாக்டிக் அமிலம், அதாவது தயிரைப் புளிக்கவைக்கும் அமிலம், கிடைக்கும். அதைக் கோப்பதில்தான் சிக்கல். இரண்டு மூலக்கூறு இணையும்போதெல்லாம் ஒரு தண்ணீர் மூலக்கூறு வெளியே வரும். அங்கேயே நின்றால் அதுவே இணைப்பை மறுபடி அறுத்துவிடும். தண்ணீரை விடாமல் வெளியேற்றியபடி, கரிம வெள்ளீயச் சேர்மங்களை வினையூக்கியாக வைத்து உருவாகும் சங்கிலிகளின் அமைப்பை அவர் குழு 2005-ல் ஆராய்ந்து வெளியிட்டது.

இது கரும்பிலிருந்து வந்ததென்பதால் எங்கே போட்டாலும் மக்கிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. பாலிலாக்டிக் அமிலம் வேகமாக மக்க 58, 60 டிகிரி சூடு வேண்டும். பெரிய உரக்கூடங்களில் அது உண்டு. நம் வயல் மண்ணில் கிடையாது. 'கம்போஸ்டபிள்' பைகளுக்கு இங்கே பின்பற்றும் ஐ.எஸ்.ஓ. 17088 தரமும் உரக்கூடத்தை மனத்தில் வைத்து எழுதியதுதான். மண்ணிலேயே மக்கும் மல்ச்சிங் சீட்டுக்கென ஐரோப்பா 2018-ல் தனித் தரம் கொண்டுவந்தது: சுமார் 25 டிகிரியில், இரண்டு ஆண்டுக்குள் 90 சதவீதம் மக்க வேண்டும். அதற்கு வேறு வகைப் பாலியெஸ்டர்களைக் கலக்கிறார்கள்.

டிரிப் ட்யூப் பாலித்தீனாகவே இருக்கட்டும். அது உழைக்க வேண்டிய பொருள். சீட் வாங்கும்போது மட்டும் 'கம்போஸ்டபிள்' என்ற எழுத்தைப் பார்த்துத் திருப்தியடையாமல், வயல் மண்ணில் மக்கும் என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று கடையில் கேளுங்கள். இல்லையென்றால் கொஞ்சம் கனமான பாலித்தீன் சீட்டையே வாங்கி, கிழியுமுன் சுருட்டி எடுத்துவிடுங்கள்.